படை அடங்கியது, பாதம் ஏன் மரத்தது?

காவிரி டெல்டா பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவருக்கு 46 வயது. லேத் பட்டறையில் வேலை. பல வருடங்களாகச் சோரியாசிஸ், நாட்டு வழக்கில் காளாஞ்சகப்படை. களிம்பு போட்டால் குறையும், விட்டால் திரும்பும். இதில் அலுத்துப்போய் மூன்று வருடத்துக்கு முன் உறவினர் ஒருவர் கைகாட்டிய வைத்தியரிடம் போயிருக்கிறார்கள். காகிதப் பொட்டலத்தில் சிவப்புச் செந்தூரம். காலையும் இரவும் ஒரு சிட்டிகை, தேனில் குழைத்து. பொட்டலத்தில் பெயரும் கிடையாது, என்ன சேர்த்தது என்றும் கிடையாது. ஆறே மாதத்தில் படை முக்கால்வாசி அடங்கிவிட்டது. "அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிட்டோம் டாக்டர்" என்று எழுதியிருக்கிறார்.

போன வருடத்திலிருந்து மார்பிலும் முதுகிலும் கறுப்பும் வெளுப்புமாகச் சின்னப் புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டியான முண்டுகள். கால் ஆணி என்று நினைத்து கார்ன் கேப் ஒட்டிப் பார்த்திருக்கிறார். ராத்திரியில் பாதம் எரிகிறது, காலையில் மதமதவென்று இருக்கிறது. ஒருநாள் செருப்பு கழன்றுபோனதே தெரியாமல் தெருமுனை வரை நடந்திருக்கிறார். வைத்தியரிடம் காட்டியபோது, "உள்ளே இருக்கிற விஷம் வெளியே தள்ளுது, அளவைக் கொஞ்சம் கூட்டிக்கோங்க" என்றாராம். நர்சிங் படிக்கும் மகள்தான் சந்தேகப்பட்டு மருந்தை நிறுத்த வைத்திருக்கிறார். நிறுத்திய ஆறாவது வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் சாதாரண அளவு என்று வந்திருக்கிறது. இப்போது படை மெல்லத் திரும்புகிறது. "ரத்தம் சுத்தமாத்தானே இருக்கு, திரும்ப ஆரம்பிக்கிறேன்" என்கிறார் கணவர்.

அக்கம்பக்கத்தில் தொழுநோய் என்று பேசுகிறார்கள்; பயந்துபோய் அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருக்கிறார் இவர். ஒரு தனியார் மையம் 'டீடாக்ஸ்' ட்ரிப் பத்து தடவை ஏற்றினால் எல்லாம் இறங்கிவிடும் என்கிறது. மாமியார், அகத்திக்கீரை கொடுத்தால் மருந்து முறிந்துவிடும் என்கிறார். தம்பி, போலீசுக்குப் போகலாம் என்கிறார். கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: மூட்டுவலிக்காகக் கடிதம் எழுதிய வாசகியும் அதே பொட்டலத்திலிருந்து இருபது நாள் சாப்பிட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமான பதில். உங்கள் கணவர் அந்தச் செந்தூரத்தைத் திரும்பத் தொடக் கூடாது. நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்வது முறையல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், அதாவது உடம்பில் கறுப்பு வெளுப்புப் புள்ளி, உள்ளங்கை உள்ளங்காலில் முண்டு, இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி மரப்பு, ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவர் யாராக இருந்தாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த வழியாக ஆர்செனிக் உள்ளே போனது?" என்பதுதான். உங்கள் வீட்டில் அந்த வழி கண்ணெதிரே பொட்டலமாக இருக்கிறது.

உங்கள் மகள் செய்தது சரியான காரியம். அவரிடம் சொல்லுங்கள்.

மருந்து கேட்டது உண்மைதான்

கடிதத்தில் உங்களை மிகவும் குழப்பியிருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்: படையைக் குணப்படுத்திய மருந்து எப்படி விஷமாக இருக்கும்? இரண்டும் ஒருசேர இருக்க முடியும். ஆர்செனிக் உண்மையிலேயே சோரியாசிஸைக் குறைக்கும். அந்த நோயில் மேல்தோல் செல்கள் தேவைக்கு மேல் வேகமாகப் பெருகுகின்றன. வேகமாகப் பெருகும் செல்களை ஆர்செனிக் அடக்குகிறது. ஆனால் அது நரம்பையும், கல்லீரலையும், எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துக் கெடுக்கும்போது அதைக் குணம் என்று சொல்ல முடியாது.

இந்தப் பாடத்தை ஆங்கில மருத்துவமும் நோயாளிகளின் உடம்பில்தான் படித்தது. தாமஸ் ஃபௌலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1786இல் அறிமுகப்படுத்திய ஆர்செனிக் கரைசல் ஒன்று, காய்ச்சலுக்கும் ஆஸ்துமாவுக்கும் சோரியாசிஸுக்கும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எழுதிக்கொடுக்கப்பட்டது. 1880களின் இறுதியில் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன், அந்தக் கரைசலை வருடக்கணக்கில் குடித்த சோரியாசிஸ் நோயாளிகளின் உள்ளங்கையில் முண்டுகள் வருவதையும், அதில் சிலது புற்றாக மாறுவதையும் எழுதிவைத்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அது புழக்கத்தில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 1970களில் சிங்கப்பூரில் ஆஸ்துமாவுக்கு விற்ற சில சீன நாட்டு மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களிடமும் இதே தோல் மாற்றங்கள் பதிவாயின. ஆக, உங்கள் வீட்டில் நடந்தது புதிதும் அல்ல, உங்கள் ஏமாளித்தனமும் அல்ல. படை அடங்குவதைக் கண்ணால் பார்த்த யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

"ஆர்செனிக்கையே புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுக்கிறார்களாமே" என்று வைத்தியர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் உண்மை. ஒருவகை ரத்தப் புற்றுக்கு ஆர்செனிக் ட்ரையாக்சைடு மிக நல்ல மருந்து. ஆனால் அதை மருத்துவமனையில், அளந்து, ஊசி வழியாக, இதயத் துடிப்பை ஈசிஜியில் அடிக்கடி பார்த்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறார்கள். சிட்டிகைக் கணக்கில் மூன்று வருடம் கொடுப்பதற்கு அது சாட்சி ஆகாது.

சித்த மருத்துவமே பொய்யா என்று கேட்கிறீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் ஆகிய மூன்று மருந்துச் சரக்குகளிலும் ஆர்செனிக் உண்டு. சித்தர் மரபில் இவற்றின் நஞ்சை நீக்க என்று நீண்ட சுத்தி முறைகள் இருக்கின்றன. அங்கே கவனிக்க வேண்டிய ரசாயனம் ஒன்று இருக்கிறது. ஆர்செனிக் ஒரு தனிமம். எவ்வளவு புடம் போட்டாலும் அது அழியாது. நெருப்பு அதன் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். தாளகமும் மனோசிலையும் கந்தகத்தோடு சேர்ந்த வடிவம். தண்ணீரில் எளிதில் கரையாது, குடல் குறைவாகவே உறிஞ்சும். அதையே காற்றுப் படும்படி சுட்டால் ட்ரையாக்சைடு, அதாவது வெள்ளைப் பாஷாணம், உண்டாகிறது. அது நன்றாகவே உறிஞ்சப்படும். முறை தெரியாதவர் 'சுத்தி' செய்தால், தொடங்கியதைவிட மோசமான பொருளில் போய் முடியலாம். அப்புறம், இத்தகைய பெருமருந்துகளை மண்டலக் கணக்கில் கொடுத்து நிறுத்துவதுதான் அந்த மரபின் வழக்கமும். படித்துப் பட்டம் வாங்கிய சித்த மருத்துவரிடம் இந்தப் பொட்டலத்தைக் காட்டினால் அவரும் முகம் சுளிப்பார்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டுத் தரநிலையும் அதுவே. இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு நாளுக்கு 20 மைக்ரோகிராம். 100 மில்லிகிராம் பொடியில் ஒரே ஒரு சதவீதம் ஆர்செனிக் இருந்தால்கூட 1000 மைக்ரோகிராம் ஆகிறது, அந்த வரம்பைப் போல் ஐம்பது மடங்கு. சிட்டிகை என்பது அளவே இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ரத்தத்தில் இல்லையே?

இதுதான் உங்கள் கணவரின் வாதம், இதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆர்செனிக் ரத்தத்தில் தங்குவதில்லை. சில மணி நேரத்திலேயே இறங்கத் தொடங்கி, பெரும்பகுதி சில நாட்களில் சிறுநீர் வழியாகப் போய்விடும். நிறுத்தி ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தால் சாதாரணமாகத்தான் வரும். நேற்று போன பஸ்ஸை இன்று ஸ்டாண்டில் தேடுவது மாதிரியான வேலை அது. "இப்போது புதிதாக உள்ளே போகவில்லை" என்பதற்கு மேல் அந்த ரிப்போர்ட் எதையும் சொல்லவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனை நல்லதுதான், ஆனால் அதுவும் கடைசிச் சில நாட்களின் கதையையே சொல்லும். எடுப்பதாக இருந்தால் அதற்கு முன் நான்கைந்து நாள் மீன், இறால், நண்டு எதுவும் வேண்டாம். கடல் உணவில் இருக்கும் ஒருவகை ஆர்செனிக் உடம்புக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மொத்த அளவை ஏற்றிக் காட்டிப் பயமுறுத்தும். நீங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால் சொல்கிறேன். ஆய்வகத்தில் கெடுதல் செய்யும் கனிம ஆர்செனிக்கைத் தனியாகப் பிரித்துத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

பழைய கணக்கு நகத்திலும் முடியிலும் எழுதப்பட்டிருக்கும். கால் பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதன் நுனியில் இருப்பது போன வருடத்து நகம். அதனால் இப்போது வெட்டும் நகத்தை எறியாமல் சுத்தமான சின்னக் கவரில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். முடியில் வெளித் தூசி ஒட்டி முடிவைக் குழப்பக்கூடும், பட்டறைக்காரர் என்பதால் இன்னும் அதிகமாக.

இதையெல்லாம்விட முக்கியமான சாட்சி மீதியிருக்கும் பொடி. மாமியார் அதை அடுப்பில் போட்டு எரிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஆர்செனிக் புகையாக எழும்பி வீடு முழுக்கப் பரவும். சாக்கடையிலும் கொட்ட வேண்டாம். இறுக மூடும் டப்பாவில் போட்டு, 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உள்ள இடத்தில் அதில் சிறிதளவு கொடுத்து, ஆர்செனிக் மட்டுமல்ல, பாதரசம், ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புச் செந்தூரம் என்றால் லிங்கம் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு; லிங்கம் என்பது பாதரசம் சேர்ந்த தாது. அமெரிக்காவில் பாஸ்டன் கடைகளில் விற்ற 70 தெற்காசிய நாட்டு மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், 14இல் இந்த உலோகங்களில் ஒன்றோ பலதோ இருந்தன. ஆகவே அவருக்கு ரத்தத்தில் ஈயமும் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும்.

வீட்டில் போர் தண்ணீர்தான் குடிக்கிறோம், அதில் இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிலத்தடி நீரில் ஆர்செனிக் என்பது முக்கியமாக கங்கைச் சமவெளியின் துயரம். மேற்கு வங்கத்தில் 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமத்து நோயாளிகளின் தோலில் இதே புள்ளிகளைப் பார்த்துத்தான் கிணற்றுத் தண்ணீரை நோக்கிப் போனார். பக்கத்து வங்கதேசத்தில், குளத்துத் தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற என்று 1970கள் முதல் அடித்த குழாய்க் கிணறுகளே விஷமாகிப்போயின. லட்சக்கணக்கான கிணறுகளுக்குப் பிறகு சிவப்பு வண்ணம் பூச வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் அதே தண்ணீரைக் குடிக்கும் மற்ற யாருக்கும் ஒன்றுமில்லை. எனவே சந்தேகம் பொட்டலத்தின் மேல்தான். மனம் ஆறவில்லை என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு தடவை தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். கொதிக்கவைத்தால் போய்விடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். தண்ணீர் சுண்டச் சுண்ட ஆர்செனிக் அடர்த்தி கூடும்.

தட்டையும் டம்ளரையும் பழையபடி வையுங்கள்

ஆர்செனிக் நஞ்சு தொற்றாது. தொட்டாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் யாருக்கும் வராது. வங்கத்தில் இந்தப் புள்ளிகளைப் பார்த்துத் தொழுநோய் என்று நினைத்துப் பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் அது வேண்டாம்.

புழுதித் தரையில் மழைத்துளி விழுந்தது போல என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் இந்தப் புள்ளிகளில் உணர்ச்சி இருக்கும். தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி குறையும், நரம்பு தடித்திருக்கும். ஆர்செனிக் மரப்பு இரண்டு பாதத்திலும் ஒரே நேரத்தில் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட அளவுக்கு மேலே ஏறும். தோல் மருத்துவர் சில நிமிடத்தில் பிரித்துச் சொல்லிவிடுவார், அதையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒருவேளை தொழுநோயாகவே இருந்தாலும் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்தில் குணமாகிற நோய் அது. தட்டைத் தனியே வைக்க அதிலும் காரணம் இல்லை.

ட்ரிப், கீரை, உண்மையில் உதவுபவை

டீடாக்ஸ் ட்ரிப்புக்குப் பணம் கட்டாதீர்கள். உலோகத்தைப் பிடித்து இழுத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. ஒரே நாளில் நிறைய ஆர்செனிக் உள்ளே போன அவசர நிலையில் அவை உயிர் காக்கும். உங்கள் கணவர் நிறுத்தி வாரங்கள் ஆகிவிட்டன, இழுப்பதற்கு உள்ளே பெரிதாக மீதி இல்லை. நாள்பட்ட ஆர்செனிக் நோயாளிகளிடம் டிஎம்எஸ்ஏ என்ற மருந்தைக் கொடுத்துக் கொல்கத்தாவில் நடத்திய சிறிய ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் கூடுதலாகத் தேறவில்லை. அந்த மையம் ஏற்றப்போவது எது என்று நீங்கள் எழுதவில்லை. ஈடிடிஏ என்றால் அது ஈயத்துக்கானது. குளூட்டாதையோன் என்றால் அதற்கு இங்கே வேலையே இல்லை.

அகத்திக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், முறிப்பதற்காக அல்ல. ஆர்செனிக்கை உடம்பு மாற்றி வெளியே தள்ளுவதற்கு ஃபோலேட்டும் புரதமும் தேவை. வங்கதேசத்தில் ஃபோலேட் குறைவாக இருந்தவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ரத்தத்தில் ஆர்செனிக் குறைந்தது. கீரை, பருப்பு, முட்டை, மீன் எல்லாம் வழக்கமான சாப்பாடாக இருக்கட்டும், அது போதும்.

கணவர் பீடி பிடிப்பவர் என்றால் அதை மட்டும் விட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆர்செனிக்கால் நுரையீரலுக்கு வரும் ஆபத்தைப் புகை பல மடங்கு கூட்டுகிறது.

முண்டுகளுக்குச் சாலிசிலிக் அமிலக் களிம்பும் யூரியா கிரீமும் மிருதுவாக்கும், வெடிப்பைக் குறைக்கும். பிளேடால் சீவுவது வேண்டாம். புள்ளிகள் காலப்போக்கில் ஓரளவு மங்கலாம். நரம்பு மெதுவாகத்தான் தேறும், மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. எரிச்சலுக்கு மருந்து இருக்கிறது. சர்க்கரையும் பி12 அளவும் பார்த்த பிறகு டாக்டர் எழுதுவார். பட்டறையில் இரும்புச் சீவல் கிடக்கும் இடத்தில் வேலை, பாதமோ மரத்திருக்கிறது. மூடிய ஷூ போடச் சொல்லுங்கள், ராத்திரி நீங்களே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

படை திரும்புமே?

திரும்பும். அதற்குத் திட்டம் இல்லாவிட்டால் அவர் மறுபடி அந்த வாசலுக்குத்தான் போவார். எனவே ஆர்செனிக்குக்காகப் பார்க்கப் போகும் அதே நாளில் சோரியாசிஸுக்கும் வைத்தியம் தொடங்க வேண்டும். இன்று பத்து வருடத்துக்கு முன் இருந்ததைவிட மருந்துகள் நிறைய இருக்கின்றன. ஆனால் இவர் ஆர்செனிக் சாப்பிட்டவர் என்பதால் சில தேர்வுகள் மாறும். சோரலென் மாத்திரை போட்டுப் புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சையை இவருக்குத் தவிர்ப்பதே நல்லது, தோல் புற்று வாய்ப்பு கூடும். மெத்தோட்ரெக்சேட் என்ற சோரியாசிஸ் மருந்தை எழுதுவதற்கு முன் கல்லீரல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ சீக்கிரம் குறைகிறதே என்று யாராவது கொடுத்தால் வாங்க வேண்டாம். நிறுத்தியதும் சீழ்க் கொப்புளங்களாகப் படை வெடிக்கக்கூடும். இனி எந்த டாக்டரைப் பார்த்தாலும், பல் டாக்டராக இருந்தாலும், "மூன்று வருடம் ஆர்செனிக் மருந்து சாப்பிட்டேன்" என்பதை முதலில் சொல்லட்டும்.

புற்றுநோய் வருமா என்று நேராகக் கேட்டிருக்கிறீர்கள். வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். வந்தே தீரும் என்பதில்லை. தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் மூன்றும்தான் முக்கியம். சிலி நாட்டு அந்தோஃபகாஸ்தா நகரில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்செனிக் மிக அதிகமாக இருந்தது, பிறகு சுத்திகரித்துவிட்டார்கள். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அங்கே நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்று கூடுதலாகவே இருந்தது. ஆகவே நிறுத்தி ஐந்து வருடம் நன்றாக இருந்தாலும் "தப்பித்தாயிற்று" என்று விட்டுவிடக் கூடாது. வருடம் ஒரு முறை உச்சி முதல் உள்ளங்கால் வரை தோல் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, ஆயுள் முழுக்க. உங்கள் கணவர் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: ஆர்செனிக்கால் வரும் ஆரம்பநிலைத் தோல் புற்று ஒன்று, பார்வைக்கு அச்சு அசல் சோரியாசிஸ் படை மாதிரியே சிவந்து செதில் உதிர்க்கும். வழக்கமாக வராத இடத்தில், சட்டை மறைக்கும் பகுதியில், ஒற்றையாக ஒரு படை வந்து மருந்துக்கு அடங்காமல் இருந்தால் சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் எளிதாகக் குணமாகும்.

போலீசுக்குப் போகலாமா?

நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், முடிவுக்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940இன் கீழ், விற்பனைக்கு வரும் சித்த மருந்துக்குத் தயாரிப்பு உரிமம், சேர்மானப் பட்டியல், தயாரிப்பாளர் முகவரி எல்லாம் வேண்டும். ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருட்கள் தனி அட்டவணையில் இருக்கின்றன. அவை சேர்ந்த உள்மருந்தில் 'மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்' என்ற எச்சரிக்கை கட்டாயம். அந்த எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்க வேண்டும் என்கிறது விதி. சித்த மருந்துக்குத் தமிழில் எச்சரிக்கை கட்டாயமில்லை என்பதை எங்கே போய்ச் சொல்வது!

உங்கள் தம்பி, உரிமம் இல்லாததே குற்றம் என்று நினைக்கிறார். அது அவ்வளவு நேரடி இல்லை. தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. எனவே அவர் பதிவு பெற்றவரா என்பதுதான் முதல் கேள்வி. தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலில் கேட்டால் தெரியும். பதிவு இல்லாதவர் என்றால் போலீசில் புகார் கொடுக்க வலுவான காரணம் இருக்கிறது. மருந்தைப் பற்றி மாநில இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையிடமும் எழுதலாம். பணம் கொடுத்து வைத்தியம் பார்த்ததால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், பொதுவாக இரண்டு வருடத்துக்குள். ஆனால் எந்த வழியில் போனாலும் பொடியின் ஆய்வறிக்கையும், தோல் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்தும், பணம் கொடுத்ததற்கான ஏதாவது தடயமும் கையில் இல்லாமல் நிற்காது. ரசீது தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; ஜிபே செய்ததாகவும் ஓரிடத்தில் இருக்கிறது, அந்தப் பதிவை எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் போய்ச் சண்டை போடுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். அவரிடம் இன்னும் எத்தனையோ பேர் அதே பொட்டலத்தை வாங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதால் புகார் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. கட்டாயம் இல்லை.

சித்த மருத்துவத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்றால் அரசு மருத்துவமனைகளின் சித்தா பிரிவும், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. ஆனால் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று தெரியும்வரை தாது சேர்ந்த மருந்து எதுவும் வேண்டாம் என்று அங்கேயும் சொல்லுங்கள்.

உங்களைப் பற்றி எழுதிய அந்தச் சின்ன எழுத்து வரி. இருபது நாள் சாப்பிட்டு நிறுத்தியதால், அறிகுறி எதுவும் இல்லாத நிலையில், ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் அவரோடு போகும்போது நீங்களும் ஒரு தடவை தோலைக் காட்டுங்கள், ரத்தத்தில் ஈயமும் சிறுநீரகமும் பாருங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போக வேண்டிய இடம், பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவு. ஒரே கூரையின் கீழ் நரம்பியலும் வயிற்றுப் பிரிவும் இருப்பதால் அலைச்சல் குறையும். ரத்த எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி, வயிற்று ஸ்கேன், நரம்பு ஓட்டப் பரிசோதனை, இவ்வளவும் தேவைப்படும். பொடியை ஆய்வகத்துக்குக் கொடுத்தது போக மீதியையும், நகக் கவரையும், பழைய ரத்த ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். இந்த வாரமோ அடுத்த வாரமோ போனால் போதும். ஆனால் படபடப்போ மயக்கமோ வந்தாலும், சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்தாலும் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.